இழப்பை வங்கியும் சுமக்கட்டும்

2020 ஜூலையில் பண்ருட்டியில் ஒரு வங்கிக் கிளையே போலி என்று பிடிபட்டது. பாரத ஸ்டேட் வங்கியின் 'நார்த் பஜார் கிளை' என்று பெயர். கணினி, சலான், ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் கச்சிதம். நடத்தியவர் 19 வயது இளைஞர். வங்கி ஊழியர் வீட்டுப் பிள்ளை. ஊரில் இருப்பது இரண்டு கிளைதானே, மூன்றாவது எப்போது வந்தது என்று வாடிக்கையாளர் ஒருவர் அசல் கிளையின் மேலாளரிடம் கேட்கப்போய்தான் குட்டு உடைந்தது. மூன்று பேர் கைதானார்கள். யாருடைய பணமும் போகவில்லை என்றது காவல்துறை. நாடே சிரித்துவிட்டு மறந்தது.

அந்த மோசடி தோற்றதற்குக் காரணம், சந்தேகம் வந்தவருக்கு நேரில் போய்க் கேட்க ஒரு மேலாளர் இருந்தார் என்பதுதான். இன்று மோசடி போனில் வருகிறது. "கேஒய்சி முடிக்கலைன்னா பென்ஷன் நின்னுடும் சார்" என்று பணிவாகப் பேசுகிறது. இல்லையென்றால் போலீஸ் உடுப்பில் வீடியோ காலில் வந்து, 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டுகிறது. 'டிஜிட்டல் கைது' என்று சட்டத்தில் ஒன்றும் இல்லை என 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொன்னார். அதற்கு மறு ஆண்டு, ஹரியானாவின் அம்பாலாவில் இதே வலையில் பணம் இழந்த மூத்த தம்பதியின் கடிதத்தை வைத்து உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்து, விசாரணையை சிபிஐயிடம் கொடுத்தது.

ஆனாலும் பழி மட்டும் ஏமாந்தவர் மீதே விழுகிறது. "ஓடிபியை ஏன் சொன்னீங்க?" இந்தக் கேள்வியை வீட்டிலும் கேட்கிறார்கள், வங்கியிலும் கேட்கிறார்கள். ஓய்வூதியம் வரும் நாளில் எந்தக் கிளைக்காவது போய்ப் பாருங்கள். சலான் எழுதிக் கொடுக்க ஆள் தேடி ஒரு பாட்டி நிற்பார். "ஏடிஎம்ல எடுத்துக்கோங்கம்மா" என்று வெளியே அனுப்புவார்கள். அங்கே கண் தெரியாமல், பின்னால் நிற்கும் தம்பியிடம் கார்டையும் ரகசிய எண்ணையும் சேர்த்தே நீட்டுவார். அவரை அங்கே தள்ளிய வங்கிக்கு இதில் பங்கில்லையா? 70 வயது கடந்தவர்களுக்கு வீடு தேடிப் போய்ச் சேவை செய்யச் சொல்லி ரிசர்வ் வங்கி 2017-லேயே உத்தரவிட்டது. எத்தனை வீட்டுக் கதவைத் தட்டினார்கள்?

அதே ஆண்டின் இன்னொரு விதிப்படி, வங்கியும் வாடிக்கையாளரும் காரணமில்லாத முறைகேட்டில், மூன்று வேலை நாளுக்குள் புகார் கொடுத்தால் இழப்பு வாடிக்கையாளரைச் சேராது. ஆனால் ஓடிபியைச் சொல்லிவிட்டால் அது அவருடைய கவனக்குறைவு. புகார் தரும்வரை போனதெல்லாம் அவர் கணக்கில்தான். மிரட்டியும் நயந்தும் பறிப்பதைக் கவனக்குறைவு என்பது அநியாயம்.

அவரே அனுப்பிய பணத்துக்கு நாங்கள் என்ன செய்ய முடியும் என்று வங்கிகள் கேட்கலாம். மாதம் சில ஆயிரம் மட்டும் எடுப்பவரின் வைப்புத்தொகை ஒரே மதியத்தில் உடைந்து, முன்பின் தெரியாத கணக்குக்கு லட்சங்களாகப் போவது வங்கியின் கணினிக்குத் தெரியாதா? அதைச் சில மணி நேரம் நிறுத்தி, அவரே பெயர் கொடுத்து வைத்திருக்கும் மகனுக்கோ மகளுக்கோ ஒரு போன் செய்தால் போதும். பணம் போய்ச் சேரும், மோசடிக்காரர் வாடகைக்கு எடுத்த கணக்கையும் ஏதோ ஒரு வங்கிதானே திறந்துகொடுத்தது? பிரிட்டனில் 2024 அக்டோபர் முதல் இப்படி ஏமாந்தவருக்கு 85,000 பவுண்டு வரை ஈடு உண்டு. அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப் பாதி ஏற்கின்றன. சிங்கப்பூரில் ஏமாறுகிறவரின் கணக்கைப் போலீசே தற்காலிகமாக முடக்கலாம். 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. தன் பணம் போகும் என்றால்தான் வங்கி விழித்திருக்கும். ரிசர்வ் வங்கி இங்கும் பிரிட்டனைப் போன்ற இழப்புப் பங்கீட்டை விதியாக்க வேண்டும். முதல் கட்டமாக மூத்த குடிமக்களுக்காவது.

அதுவரை பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். பணம் போய்விட்டது என்று அப்பாவோ அம்மாவோ சொன்னால், திட்டுவதற்கு முன் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் போடுங்கள். உங்கள் திட்டுக்குப் பயந்து அவர்கள் மறைக்கும் சில மணி நேரத்தில்தான் பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிக் கைக்கு எட்டாமல் போகிறது.