விரலுக்குத் தக்க வீக்கம்

கதை எழுதுகிறவனுக்கு மோட்டார் எஞ்சினில் என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். நான் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன்தான். ஆனால் பெருக்கலும் வகுத்தலும் மறந்து போகவில்லை. இந்த விஷயத்துக்கு அவ்வளவு போதும்.

என் அக்காள் மகன் கும்மிடிப்பூண்டியில் ஒரு வார்ப்புப் பட்டறையில் வேலை பார்க்கிறான். தாயின் சங்கிலியை அடகு வைத்து, தன் பழைய 1.2 லிட்டர் பெட்ரோல் காருக்கு டர்போ போட்டான். யாரோ ஒரு மெக்கானிக், 2.5 லிட்டர் டீசல் வண்டியிலிருந்து கழற்றியதை மாட்டிக் கொடுத்தார். "பெரிசு போட்டாத்தான் மாமா பவர்!" என்றான் பையன். மூன்றாவது வாரம் கவரைப்பேட்டைக்கு அருகே பிஸ்டன் உடைந்து வண்டி நின்றது. சங்கிலி இன்னும் அடகுக் கடையில் இருக்கிறது.

"பெரிசு போட்டால் பவர்" என்ற இந்த மூடநம்பிக்கையைத்தான் நான் எதிர்க்கிறேன்.

டர்போ என்பது என்ன? வீணாகப் போகிற புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுற்றுகிறது. அதே தண்டில் மறுமுனையிலுள்ள சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. 1905-லேயே ஸ்விட்சர்லாந்துக்காரரான ஆல்ஃபிரெட் பூஹி இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆக, புகை போதாவிட்டால் சக்கரம் சுற்றாது. நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் முழு மூச்சு இழுக்கும். 3000 சுற்றில் 1.2 லிட்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 1800 லிட்டர் காற்று குடிக்கும், 2.5 லிட்டர் எஞ்சினோ 3750 லிட்டர். பின்னதற்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை முன்னதற்கு மாட்டினால் என்ன ஆகும்? கீழ்ச் சுற்றுகளில் வண்டி தூங்கும். மேலே போனதும் திடீரென்று பாயும். கொல்லனின் துருத்தியைத் தட்டானிடம் கொடுத்தால் நகையா செய்வான்?

ஒவ்வொரு டர்போவுக்கும் ஒரு வரைபடம் உண்டு. குறுக்கே காற்றின் அளவு, நெடுக்கே அழுத்த விகிதம். இடது எல்லையைத் தாண்டினால் காற்று பின்னோக்கி உதைத்துத் துடிக்கும். வலது எல்லையில் மூச்சு அடைக்கும். நடுவில்தான் திறன் மிகுந்த பகுதி. இந்த இடம் தவறினால் வரும் தண்டனை உஷ்ணம். நம் ஊர் வெயிலில் 40 டிகிரிக் காற்றை இரண்டு மடங்கு அழுத்தும்போது, திறன் 70 சதவீதமானால் அது சுமார் 138 டிகிரி ஆகும். 50 சதவீதமானால் சுமார் 177. இத்தனை சூட்டை, ஏற்கெனவே அழுத்தம் மிகுந்த எஞ்சினுக்குள், சாதாரண பெட்ரோலோடு, எரிபொருள் அளவையோ பொறி நேரத்தையோ திருத்தாமல் புகுத்தினால், பிஸ்டன் உடையாமல் என்ன செய்யும்?

"ரேஸ் கார்களில் பெரிய டர்போ இல்லையா?" என்பார்கள். உண்டு, ஐயா! அவை எப்போதும் மேல்சுற்றில் ஓடுகின்றன. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் ஒரு காலத்தில் பந்தயம் நடந்தது. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே தடம் வந்தது. தச்சூர் கூட்டுரோட்டில் கண்டெய்னர் லாரிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவே நெளிகிறவனுக்கு அந்த நியாயம் பொருந்துமா? அங்கே திடீர்ப் பாய்ச்சல் என்றால் சாலை கடக்கிற யாரோ ஒருவரின் உயிர். 1977-இல் ஸ்வீடனின் சாப் கம்பெனி, அன்றாடச் சாலைக்கென்று சின்ன டர்போவையே தேர்ந்தெடுத்தது. மிச்சப் புகையைத் திருப்பிவிட ஒரு கதவும் வைத்தது. கீழ்ச்சுற்றிலேயே இழுவை கிடைத்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் திருவள்ளூரிலேயே சாட்சி இருக்கிறது. அங்குள்ள தொழிற்சாலையிலிருந்து 2022-இல் வந்த சிட்ரோயன் சி3 காரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு விதம், இரண்டும் 1.2 லிட்டர். டர்போ இல்லாததற்கு 82 குதிரை சக்தி, உள்ளதற்கு 110. ஆனால் அதன் 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 1750 சுற்றிலேயே வந்துவிடுகிறது! எஞ்சின், எரிபொருள், குளிர்விப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டதன் பலன் அது. பழைய சாமான் கடையில் தேடிப் பொறுக்கியதல்ல.

பையனை நான் திட்டவில்லை. வேகத்தின் மேல் ஆசை வைப்பது பாவமா? அந்த ஆசைக்கு அளவு சொல்லாமல் குதிரை சக்தி எண்ணை மட்டும் காட்டிக் காசு பறிக்கிறவர்களைத்தான் திட்டுகிறேன். "வரைபடம் எங்கே? என் எஞ்சினுக்கு எத்தனை காற்று வேண்டும்?" என்று வாடிக்கையாளன் கேட்டால், அந்த மெக்கானிக் ஒன்று கணக்குப் போட வேண்டும், அல்லது ஸ்பானரைக் கீழே வைக்க வேண்டும். இரண்டில் எது நடந்தாலும் நமக்கு லாபம்தான்.

போன வாரம் அவன் வந்திருந்தான். கையில் ஒரு பழைய நோட்டுப் புத்தகம். அதில் லிட்டர், சுற்று, பெருக்கல்.

"இதை முன்னாடியே செஞ்சிருக்கணும் மாமா" என்றான்.

அந்த நோட்டின் விலை இருபது ரூபாய். அடகுச் சங்கிலிக்கு மாத வட்டி அதைவிட அதிகம்.