கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார்களாம்

"ஆடிஷன்ல சாதி எங்கங்க இருக்கு? பேரைக்கூடப் பாக்கறதில்ல. கண்ணை மூடிக்கிட்டு குரலை மட்டும் கேக்கறோம்."

எங்களிடம் இப்படிச் சொன்னவர், சென்னையில் இசை நாடகங்கள் தயாரிக்கும் ஒரு குழுவின் முக்கியப் புள்ளி. பெயர் வேண்டாம் தோழர்களே. அவர் பெயரை எழுதினால் பிரச்சினை அவர் ஒருவருடையதாகச் சுருங்கிவிடும். இதே வாக்கியத்தைக் கல்லூரிச் சேர்க்கையிலும் வேலைக்கான நேர்காணலிலும் வேறு வேறு வாய்களிலிருந்து நாம் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறோம்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு தங்கை இருக்கிறார். வியாசர்பாடி, பி.காம். இரண்டாம் ஆண்டு. சர்ச் கொயரில் பழகிய குரல். தாய்மாமன் சாவு வீடுகளில் கானா பாடுகிறவர் என்பதால் அதுவும் ரத்தத்தோடு வந்தது. இந்தக் குழு ஒரு சீசனுக்கு மூன்று நாடகங்கள் போடுகிறது, ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. அறிவிப்பு ஆங்கிலத்தில், இன்ஸ்டாகிராமில் மட்டும். கரோக்கி டிராக் கொண்டுவர வேண்டும், முழு உயரப் புகைப்படம் வேண்டும், 'பயிற்சி பெற்ற ஆசிரியர்' என்று படிவத்தில் ஒரு கட்டம். அந்தக் கட்டத்தை அவர் காலியாக விட்டார். பிராட்வே பாட்டு ஒன்றை யூடியூபில் கேட்டுக் கேட்டு நாற்பது நாள் பழகினார். அந்த நாற்பது நாளும் எங்கள் கூட்டங்கள் அந்தப் பாட்டோடுதான் தொடங்கின. எங்களுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

ஆடிஷன் அறையில் பாட்டு பாதி போவதற்குள் கை காட்டி நிறுத்தினார்கள். "எந்த ஏரியாம்மா?" வியாசர்பாடி என்றார். மூடிய கண்கள் அந்த ஒரு சொல்லில் திறந்துகொண்டன. "ஓ... அப்ப கானா நல்லா வருமே! ஒண்ணு எடுத்து விடேன்." அவரும் பாடினார். மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் தட்டித் தாளம் போட்டார்கள், ஒருவர் போனில் பதிவு செய்துகொண்டார். இரண்டு நாள் கழித்துச் செய்தி வந்தது: கோரஸில் இடம் உண்டு, குப்பத்துக் காட்சிக்கு. சம்பளம் இல்லை, பேட்டா உண்டு. நாயகி பாத்திரம், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஆசிரியையின் மாணவிக்குப் போனது.

இதைக் கேட்கப் போனபோதுதான் அந்தக் கண்ணை மூடும் வசனம் வந்தது. கூடவே ஒரு புத்திமதியும்: "பிராட்வேல போய்ப் பாருங்க. அங்க திறமை மட்டும்தான் பேசும்."

விமான டிக்கெட்டுக்கு வழியில்லாததால் படித்துப் பார்த்தோம்.

அந்த ஊர் மேடை நடிகர்களின் தொழிற்சங்கம் ஆக்டர்ஸ் ஈக்விட்டி. 1913இல் தொடங்கியது. சங்க ஒப்பந்தப்படி நாடகம் போடுகிறவர்கள் உறுப்பினர்களுக்குத் திறந்த ஆடிஷன் நடத்தியாக வேண்டும் என்பது விதி. தொழிலாளர்கள் வாங்கிய நல்ல விதி, அதில் நமக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த விதி நடைமுறையில் எப்படி இருக்கிறது? விடியும் முன்பே வரிசையில் நிற்க வேண்டும். முறை வரும்போது பாடக் கிடைப்பது பெரும்பாலும் பதினாறு பார், அதாவது பாட்டின் தாளக்கட்டில் பதினாறு அளவு. வேகமான பாட்டென்றால் அரை நிமிடம்கூட வராது. அந்த அரை நிமிடத்துக்குப் பின்னால் பல வருடப் பாட்டு வகுப்பும் நடன வகுப்பும் புகைப்படச் செலவும் இருக்கின்றன. பெரிய பாத்திரங்களில் பலவும் ஏஜென்ட் வைத்திருப்பவர்களுக்குத் தனி அழைப்பில் போய்விடுகின்றன. சங்க அட்டை இல்லாதவர் நாள் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு, நேரமில்லை என்ற பதிலோடு வீடு திரும்பலாம். ஓட்டலில் தட்டு தூக்கிப் பிழைக்கிற நடிகர் அந்த ஒரு நாள் கூலியையும் இழக்கிறார்.

சங்க அட்டை எப்படிக் கிடைக்கும்? பெரும்பாலோருக்கு, சங்க ஒப்பந்தத்தில் ஒரு வேலை கிடைத்தால் அட்டை. அந்த வேலைக்கான ஆடிஷனில் முறையாக நுழைய அட்டை. அனுபவம் இருந்தால் வேலை, வேலை இருந்தால் அனுபவம் என்ற நம் ஊர்ச் சுற்றேதான். நூறாண்டுக்கு மேல் ஓடிய பிறகு, 2021இல்தான் ஈக்விட்டி இந்தப் பூட்டைத் தளர்த்தியது. சம்பளம் வாங்கி நடித்ததற்கு ஆதாரம் காட்டினால் உறுப்பினராகலாம் என்று மாற்றியது. 2020இல் கறுப்பின, பழங்குடி, பிற நிறக் கலைஞர்கள் ஒன்றுதிரண்டு அமெரிக்க நாடக உலகத்தை வெளிப்படையாகக் குற்றம் சாட்டிய பிறகு நடந்தது அது.

இனி ஆன் பிரௌன் கதைக்கு வருகிறோம். இதைப் படித்த இரவு எங்கள் தங்கைக்குத்தான் முதலில் அனுப்பினோம்.

பால்டிமோர் நகரத்துக் கறுப்பினப் பெண். அப்பா மருத்துவர். பணமும் படிப்பும் இருந்த வீடுதான். இருந்தும் அந்த ஊரின் புகழ்பெற்ற பீபாடி இசைக் கல்லூரி அவரைச் சேர்க்க மறுத்தது, தோலின் நிறத்துக்காக. நியூயார்க் போய் ஜூலியார்டில் படித்தார். ஜார்ஜ் கெர்ஷ்வின் கறுப்பின மக்களைப் பற்றி ஓர் ஓபரா எழுதுகிறார் என்று கேள்விப்பட்டு, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த அந்த மாணவி அவருக்குக் கடிதம் எழுதி வாய்ப்புக் கேட்டார். அழைப்பு வந்தது. போய் பிராம்ஸ் பாடினார், ஷூபர்ட் பாடினார், மாஸனே பாடினார். ஐரோப்பிய இசையில் எது உயர்ந்தது என்று அவர்கள் சொல்வார்களோ அதையெல்லாம் பாடினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு கெர்ஷ்வின் கேட்டது: ஒரு நீக்ரோ ஸ்பிரிச்சுவல் பாட முடியுமா?

அவருக்குச் சுருக்கென்றது. கறுப்பர் என்றால் இதைத்தான் பாட வேண்டுமா என்று கோபம் வந்ததைப் பிற்காலத்தில் அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். கடைசியில் பக்கவாத்தியம் இல்லாமல் ஒன்றைப் பாடினார். கெர்ஷ்வின் உருகிப்போனார், அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெஸ் பாத்திரம் ஆன் பிரௌனுக்குக் கிடைத்தது. அவர் குரலைக் கேட்டுக் கேட்டு அந்தப் பாத்திரம் வளர்ந்தது. 'போர்கி' என்ற கதையிலிருந்து எழுந்த ஓபரா, 'போர்கி அண்ட் பெஸ்' என்ற பெயரில் 1935இல் பிராட்வேயில் அரங்கேறியது.

வெற்றிக் கதைதானே என்று கேட்பீர்கள். அடுத்த வருடம் அதே நாடகம் வாஷிங்டன் நேஷனல் தியேட்டருக்குப் போனது. கறுப்பர்களை மேடையில் ஏற்றத் தயாராக இருந்த அந்த அரங்கு, பார்வையாளராக அவர்களை உட்காரவைக்கத் தயாராக இல்லை. போர்கியாக நடித்த டாட் டங்கனும் ஆன் பிரௌனும் மற்ற கலைஞர்களும், எங்கள் மக்களுக்கு இடமில்லாத அரங்கில் பாட மாட்டோம் என்று நின்றார்கள். அரங்கு பணிந்தது, அந்த நாடகம் நடந்த நாட்களுக்கு மட்டும். 1948இல் ஆன் பிரௌன் அமெரிக்காவே வேண்டாம் என்று நார்வேயில் போய்க் குடியேறிவிட்டார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா மேடையில் முதல் கறுப்பினத் தனிப்பாடகியாக மரியன் ஆண்டர்சன் ஏற 1955 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கானா நம் சொத்து. அதைப் பாடச் சொன்னதில் இழிவு ஒன்றும் இல்லை. கேட்டால் தெருவில் நின்று பாடுவோம். எங்களுக்கு எரிச்சல் எங்கே என்றால், நாற்பது நாள் பழகிய பாட்டு முடியும் வரை காத்திருக்க அவர்களுக்குப் பொறுமை இல்லை. கானாவுக்குக் கை தட்டினார்கள், ஆனால் அந்தத் தட்டலுக்கு உரிய கூலி குப்பத்துக் காட்சி என்று ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்கள்.

'பாத்திரத்துக்குப் பொருத்தமானவர்' என்கிற வாதத்தையும் பார்த்துவிடுவோம். 'மிஸ் சைகான்' என்றொரு இசை நாடகம், வியட்நாம் போர்க் கதை. 1989இல் லண்டனில் தொடங்கியது. காதலித்து, ஏமாந்து, கடைசியில் சாகிற வியட்நாமியப் பெண் கிம். அந்தப் பாத்திரத்துக்கு ஆள் தேடி மணிலா வரை போய் ஆடிஷன் வைத்தார்கள், லியா சலோங்காவைக் கண்டுபிடித்தார்கள். கதையை ஓட்டிச் செல்கிற 'எஞ்சினியர்' பாதி வியட்நாமியர், பாதி பிரெஞ்சுக்காரர். அதற்கு ஜொனாதன் பிரைஸ் என்ற வெள்ளை நடிகர். லண்டனில் கண்ணுக்கு ஒட்டு வைத்து, தோலுக்கு நிறம் பூசி நடித்தார். சாவதற்கு ஆசியப் பெண் வேண்டுமாம், ஆள்வதற்கு வெள்ளைக்காரரே போதுமாம்!

1990இல் நாடகம் பிராட்வேக்கு வரும்போது ஆசிய அமெரிக்கக் கலைஞர்கள் எதிர்த்தார்கள். ஈக்விட்டி முதலில் பிரைஸுக்கு அனுமதி மறுத்தது. தயாரிப்பாளர் கேமரன் மெக்கின்டாஷ் நாடகத்தையே ரத்து செய்கிறேன் என்றார். முன்பதிவுப் பணம் கோடிக்கணக்கில் குவிந்திருந்தது, பல பேருடைய வேலை தொங்கியது. சில நாட்களிலேயே சங்கம் முடிவை மாற்றிக்கொண்டது. கலைச் சுதந்திரம், சிறந்த நடிகர் என்ற வார்த்தைகள் அப்போது பறந்தன. 1991இல் நாடகம் அரங்கேறியது, பிரைஸுக்கு டோனி விருதும் கிடைத்தது. 2016இல் 'ஹாமில்டன்' குழு வெள்ளையர் அல்லாத நடிகர்கள் தேவை என்று விளம்பரம் கொடுத்தபோதோ, உடனே சட்டம் நினைவுக்கு வந்துவிட்டது. குழு விளம்பர வாசகத்தைத் திருத்த ஒப்புக்கொண்டது. ஒரே ஊர், ஒரே தொழில்.

நம் ஊரில் மட்டும் பாத்திரங்கள் சுத்தமாக இருக்கின்றனவா? தென் மாவட்டத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் அரிச்சந்திர நாடகத்தை நினைத்துப் பாருங்கள். மயான காண்டம் வந்தால் கூட்டமே அழும். அரசன் சுடுகாடு காக்கிறானே, புலையனுக்கு அடிமையாகிவிட்டானே என்று அழுவார்கள். அந்தச் சுடுகாட்டை வாழ்நாள் முழுக்கக் காக்கும் வீரபாகுவுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. காலையில் அதே ஊரில் ஒரு சாவு விழுந்தால் வெட்டியான் வேலைக்கு யார் வீட்டுக்கு ஆள் அனுப்புவார்கள் என்றும் நமக்குத் தெரியும். ஆகவே பாத்திரத்துக்கு யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதோடு, யாருக்காக அழும்படி கதை எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கேள்வியைக் கறுப்பின நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சன் 1996இல் பிரின்ஸ்டனில் ஆற்றிய உரையில் நேருக்கு நேர் எழுப்பினார். நிறம் பாராமல் பாத்திரம் கொடுக்கிறோம் என்ற சலுகையே வேண்டாம் என்றார். வெள்ளையர் எழுதிய வாழ்க்கைக்குள் எங்களை ஒளித்து வைக்காதீர்கள், எங்கள் வாழ்க்கையைச் சொல்ல எங்களுக்கு அரங்கு வேண்டும் என்பது அவர் வாதம். நாடெங்கும் உள்ள நிரந்தர நாடகக் குழுக்களின் கூட்டமைப்பில் 66 குழுக்கள், அதில் கறுப்பினக் குழு ஒன்றே ஒன்று என்று எண்ணிக் காட்டினார். சாதி பார்ப்பதில்லை என்று சொல்கிற அறைகளில் நாமும் இப்படி எண்ணிப் பார்க்க வேண்டும். மேசைக்குப் பின்னால் எத்தனை பேர், அவர்களில் சேரியிலிருந்து வந்தவர் எத்தனை பேர்?

வில்சனோடு ஓர் இடத்தில் எங்களுக்கு வேறுபாடு உண்டு. பொது அரங்கை அவர்களுக்கே விட்டுவிட முடியாது. 1927இல் மகாடில் பொதுக்குளத்துத் தண்ணீருக்காக நின்ற பாபாசாகேப்தான், 1945இல் மக்கள் கல்விக் கழகத்தையும் தொடங்கினார். பொதுவில் உரிமை, கூடவே நமக்கென்று ஒரு நிறுவனம். இரண்டையும் அவர் ஒரே வாழ்நாளில் செய்தார்.

நமக்கென்று ஒரு மேசை இருந்தால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவுக்கும் ஆட்களைப் பாடவைத்து, வாசிக்கவைத்துக் கேட்டுத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் பா. இரஞ்சித்தும் தென்மாவும். கானாவைக் கேலிக்கு வைத்துக்கொள்ளாமல் இசையாகக் கேட்கத் தெரிந்தவர்கள். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் அந்த மேடை ஏறியபோது எங்களில் சிலர் பள்ளி மாணவர்கள், கூட்டத்தின் கடைசியில் நின்றுகொண்டிருந்தோம். அன்று கானா பாடியவர்கள் யாரும் குப்பத்துக் காட்சிக்கு வந்தவர்கள் அல்லர். மேடையே அவர்களுடையது.

அந்தக் குழுவுக்கு நாங்கள் எழுதியனுப்பிய கடிதத்தில் கேட்டவை பெரிய புரட்சி எதுவும் இல்லை. அறிவிப்பு தமிழிலும் வர வேண்டும். ஆசிரியர் பெயர் கேட்கும் கட்டத்தை எடுக்க வேண்டும். தேர்வாளரின் சொந்த மாணவர் வந்தால் அவர் எழுந்து வெளியே போக வேண்டும். கொண்டுவந்த பாட்டை முழுதாகக் கேட்டுவிட்டு வேறு எதையும் கேட்கலாம். 'எந்த ஏரியா' என்ற கேள்வி கூடாது. கோரஸுக்கும் சம்பளம் வேண்டும். பதில் இன்னும் வரவில்லை.

தங்கை அந்தக் குப்பத்துக் காட்சிக்குப் போகவில்லை. அடுத்த மாதம் வேறொரு குழு ஆள் எடுக்கிறது, அதற்குப் பெயர் கொடுத்திருக்கிறார். அதே பாட்டுதான். கூடவே எங்களில் ஆறு பேரும் பெயர் கொடுத்திருக்கிறோம், இதில் நான்கு பேருக்குச் சுருதியே சேராது. வரிசையில் அவருக்கு முன்னால் மூன்று பேர், பின்னால் மூன்று பேர் நிற்பதாக ஏற்பாடு. உள்ளே என்ன கேட்கிறார்கள் என்பதை ஏழு பேரும் தனித்தனியாக எழுதி வைக்கப்போகிறோம். சென்னையில் இருக்கும் தோழர்கள் யாருக்காவது பாட வந்தாலும் வராவிட்டாலும், எட்டாவது ஆளாகச் சேரலாம்.