காற்றும் தண்ணீரும் கராஜ்காரரும்

மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு வீட்டினுள் நுழைந்த பின்னரும் அதன் யந்திரம் சிறிது நேரம் ‘டிக், டிக்’ என்று ஓசை எழுப்புவதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். சூடேறி விரிந்த உலோகம் ஆறிச் சுருங்கும் ஓசை அது. அந்தச் சூட்டைப் போக்கும் வழி காலத்தோடு மாறிவந்திருக்கிறது. அதனோடு மோட்டார் சைக்கிள் விற்கும் கடையும் மாறிவிட்டது. இவ்விரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் இருக்கலாம். சம்பந்தம் நெருக்கமானது, அதனால் வாகனத்தின் சொந்தக்காரருக்கு ஒரு நட்டமும் நேர்ந்திருக்கிறது என்பது நமது எண்ணம்.

முதலிற் சூட்டைப் பார்ப்போம். பெற்றோல் யந்திரம் தான் குடிக்கும் எரிபொருளின் வெப்பத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையே சில்லைச் சுழற்றும் வேலையாக மாற்றுகிறது. மிகுதியிற் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே வெளியேற, எஞ்சியது சிலிண்டரின் சுவரிலும் தலைப்பாகத்திலும் ஏறுகிறது. எரியும் வாயுவின் உஷ்ணம் கணப்பொழுதுக்கு 2,000 பாகை சென்டிகிறேட்டையும் தாண்டும். தூய அலுமினியமோ 660 பாகையில் உருகிவிடும். அலுமினியக் கலப்பு உலோகத்தாலான பிஸ்டன் அந்த நெருப்பின் நடுவே நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை மேலும் கீழும் ஓடியும் உருகாமல் இருப்பதற்குக் காரணம், சூடு நின்று சேராமல் இடைவிடாது வெளியே கடத்தப்படுவதுதான்.

இதற்கு மிகவும் எளிய வழி காற்று. சிலிண்டரைச் சுற்றி வரிவரியாக நிற்கும் மெல்லிய தகடுகளை எல்லோரும் பார்த்திருப்போம். ஆங்கிலத்தில் ‘ஃபின்’ என்று அவற்றைச் சொல்வார்கள். காற்றுப் படும் பரப்பைப் பன்மடங்கு பெருக்குவதே அவற்றின் தொழில். பழைய யந்திரங்களில் அவை வார்ப்பிரும்பாலானவை. பின்னர் வெப்பத்தை அதைவிட நன்றாகக் கடத்தும் அலுமினியம் வந்தது. ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1923இல் வெளியிட்ட தனது முதல் மோட்டார் சைக்கிளில் இரண்டு சிலிண்டர்களையும் இருபக்கமும் கைகளை நீட்டியது போல வெளியே தள்ளி வைத்தது. எதிர்க்காற்று இரண்டிலும் சமமாக மோதும். அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சனிலோ ஒரு சிலிண்டருக்குப் பின்னால் மற்றது ஒளிந்து நிற்கும். பின்னாலிருப்பது எப்போதும் கூடுதலாகக் காயும். ஓட்டுபவரின் தொடை அதற்குச் சாட்சி சொல்லும்.

காற்றை நம்புவதில் ஒரு சங்கடம் உண்டு. வண்டி ஓடினால்தானே காற்று வரும்? நெரிசலில் நிற்கும்போது, சூடு மிகும் வேளையிற் காற்று இல்லை. ஆகவே யந்திரத்தின் உஷ்ணம் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். பிஸ்டன் விரிந்து இறுகிவிடாதிருக்க, சிலிண்டருக்கும் அதற்கும் இடையே சற்றுத் தாராளமான இடைவெளி விடவேண்டும். அவ்விடைவெளியினூடாக ஒயில் கசிந்து எரியும், எரிந்தால் புகை. தண்ணீரோ சிலிண்டரைச் சுற்றிச் சட்டை போட்டது போல நிற்கும், உஷ்ணம் பெரும்பாலும் ஒரே நிலையில் இருக்கும், ஓசையும் அடங்கும்.

தண்ணீர் முறை நேற்று வந்த புதுமையன்று. இங்கிலாந்தின் யோர்க்ஷயரைச் சேர்ந்த அல்பிரட் ஸ்கொட் 1908இலேயே தமது மோட்டார் சைக்கிளிற் தண்ணீரைப் புகுத்தினார். மான் தீவின் புகழ்பெற்ற சீனியர் ரி.ரி. பந்தயத்தை 1912இலும் 1913இலும் ஸ்கொட் வண்டிகளே வென்றன. 1948இல் வெளிவந்த வெலோசெற் எல்.ஈ. என்ற சிறிய வண்டியும் தண்ணீராற் குளிர்வதுதான். ஓசை மிகக் குறைந்த அந்த வண்டியைப் பிரித்தானியப் பொலிஸ் படைகள் பல விரும்பி வாங்கின. ஆயினும் பொதுமக்களிடையே தகடுகளின் ஆட்சியே நீடித்தது. 1971இல் ஜப்பானின் சுசுக்கி நிறுவனம் ஜி.ரி. 750 என்ற தண்ணீர் வண்டியைக் கொண்டுவந்தபோது ஆங்கிலேயர் அதற்குக் ‘கேத்தில்’ என்றும் அமெரிக்கர் ‘நீர் எருமை’ என்றும் பட்டப்பெயர் சூட்டிச் சிரித்தார்கள். சிரிப்பு அதிக காலம் நீடிக்கவில்லை. 1974இல் ஹொண்டாவின் கோல்ட் விங் வந்தது. பெரிய வண்டிகள் போகும் திசை தெரிந்துவிட்டது.

ஹொண்டா நிறுவனத்துள் இதற்காக நடந்த போராட்டம் ஒரு நாடகத்துக்கு ஒப்பானது. அதன் நிறுவனர் சொய்ச்சிரோ ஹொண்டா காற்றின் தீவிர பக்தர். தண்ணீரைக் குளிரச் செய்வதும் கடைசியிற் காற்றுத்தானே, அப்படியானால் நடுவில் தண்ணீர் எதற்கு என்பது அவரது வாதம். கேட்பதற்கு மறுக்க முடியாத வாதம்தான். அந்தப் பிடிவாதத்திற் பிறந்த காற்றுவழிப் பந்தயக் கார் ஒன்று 1968 ஜூலையில் பிரான்சின் ரூவான் நகரில் விபத்துக்குள்ளாகித் தீப்பற்றியது. அதைச் செலுத்திய ஜோ ஷ்லெசர் உயிரிழந்தார். அந்த வண்டி பந்தயத்துக்கு ஆயத்தமாகவில்லை என்று நிறுவனத்தின் முதன்மை ஓட்டுநரான ஜோன் சேர்ட்டீஸ் அதை ஓட்ட முன்னரே மறுத்திருந்தார். அடுத்த ஆண்டு, புகைக் கட்டுப்பாட்டுக்குத் தண்ணீர் முறையே ஏற்றது என்று இளம் பொறியியலாளர்கள் நிறுவனத்தின் மற்றத் தூணான தக்கேயோ ஃபுஜிசாவாவிடம் முறையிட்டார்கள். தலைவராக இருக்க விரும்புகிறீரா, பொறியியலாளராகவே இருக்க விரும்புகிறீரா என்று ஃபுஜிசாவா நண்பரைக் கேட்டார். தலைவராக என்று ஹொண்டா பதிலளித்து விட்டுக்கொடுத்தார். முதலாளியின் எண்ணத்துக்கு எதிராக இளையவர்கள் பேசவும், அது கேட்கப்படவும் இடமிருந்த தொழிற்சாலை அது. மாணவர்கள் இதை மனத்திற் கொள்ளலாம்.

இனிக் கடைக்கு வருவோம்.

அதே ஃபுஜிசாவா 1952இல் வேறொரு காரியம் செய்தார். மிதிசைக்கிளில் மாட்டக்கூடிய சிறு யந்திரம் ஒன்றை விற்பதற்காக ஜப்பானெங்குமுள்ள சுமார் 50,000 சைக்கிள் கடைகளுக்குக் கடிதம் எழுதினார். சைக்கிள் விற்றுப் பழுதும் பார்ப்பவர்களே இனி யந்திரத்தையும் விற்கலாமே என்பது சாரம். ஆயிரக்கணக்கானோர் இசைந்தார்கள். அமெரிக்காவில் 1959இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் காலூன்றிய ஹொண்டா, தனது சிறு வண்டியை விளையாட்டுப் பொருட் கடைகளிலும் வைத்து விற்றது. கடை என்பது அன்று பெரும்பாலும் ஒரு மனிதர்; முன்னால் இரண்டு மூன்று வண்டிகள், பின்னால் ஒரு மேசை, ஸ்பனர் பெட்டி, ஒயில் மணம். பிரித்தானியாவில் அத்தகைய முகவர்களிற் பலர் முன்னாள் பந்தயக்காரர்கள். விற்றவரே பழுது பார்த்தார். யந்திரத்தின் ஓசையைக் கேட்டே வால்வு இடைவெளி கூடிவிட்டது என்பார். வாங்கியவரும் சனிக்கிழமைகளில் அவருடைய பட்டறை வாசலில் நின்று பார்த்துப் பார்த்துத் தாமும் பாதி மெக்கானிக் ஆனார்.

காற்று யந்திரம் இதற்கு இடங்கொடுத்தது. தகடுகளுக்குப் பழுது வராது. குழாய் இல்லை, பம்பி இல்லை, விசிறி இல்லை. சிலிண்டரின் தலையைக் கழற்ற நாலைந்து கருவிகள் போதும். நம்மவருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. 1990களிற் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் அருமையானபோது, சில துளி பெற்றோல் விட்டு யந்திரத்தைக் கிளப்பிப் பின் மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களை எத்தனை குடும்பங்கள் மறந்திருக்கும்? மண்ணெண்ணெய் யந்திரத்தைத் தட்டவைக்கும், சூடேற்றும், பிளக்கிற் கரி படிய வைக்கும். எனினும் ஒழுங்கைக்கு ஒரு கராஜ்காரர் இருந்தார். காபரேற்றரைக் கழற்றிக் கழுவி மீண்டும் ஓடவைத்தார். எந்த நிறுவனத்தின் சான்றிதழும் அவரிடம் இருக்கவில்லை.

தண்ணீரோடு றேடியேற்றரும், பம்பியும், மின்விசிறியும், உஷ்ணத்தை அளந்து சொல்லும் உணரியும் வந்தன. அவற்றை மேற்பார்க்கக் கணினி வந்தது. எல்லாவற்றையும் மூடி மறைக்கப் பிளாஸ்டிக் உறைகள் வந்தன. தண்ணீர் ஒன்றே கடையை மாற்றியது என்று நாம் சொல்லவில்லை. புகைச் சட்டங்களும் ஓசைச் சட்டங்களும் இறுகின. 2016இல் ஐரோப்பாவில் நடைமுறைக்கு வந்த யூரோ 4 விதிகள் பல காற்று யந்திரங்களுக்கு விடைகொடுத்தன. ஹார்லி டேவிட்சன்கூட 2001இலேயே போர்ஷே நிறுவனத்தின் உதவியோடு ஒரு தண்ணீர் யந்திரத்தை உருவாக்கியிருந்தது. பிரித்தானியாவின் டிரையம்ப் பொன்வில் 2016 முதற் தண்ணீருக்கு மாறியது. ஆயினும் பழைய தகடுகளை விடவில்லை, றேடியேற்றரைச் சட்டத்தின் முன்குழாய்களுக்கிடையே பதுக்கி வைத்தது. தண்ணீர் வேலை செய்ய, தகடுகள் பெரும்பாலும் அழகுக்கு நிற்கின்றன. தலைப்பாகை கட்டிய சேவகனைப் போல!

இக்காலத்து முகவர் நிலையம் கண்ணாடியும் குளிரூட்டிய காற்றுமாக விளங்குகிறது. சுவரின் நிறம் முதல் பெயர்ப்பலகை வரை பல நிறுவனங்கள் மேலிடத்திலிருந்து வகுத்தனுப்புகின்றன. விற்பவர் ஒருவர், கடன் எழுதுபவர் இன்னொருவர், பழுது பார்ப்பவரை வாங்குபவர் காண்பதே அரிது. கோளாறு என்றால் காதைத் தீட்டிக் கேட்பதற்குப் பதில், கணினியில் ஒரு கம்பியை மாட்டி எண் பார்க்கிறார்கள். அந்த எண்ணின் பொருள் நிறுவனத்துக்கும் அது அங்கீகரித்தவர்களுக்கும் மட்டுமே தெரியுமாயின், கராஜ்காரர் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

பழைய வண்டிகள் சொர்க்கம் என்று கூறுபவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. அவை நின்ற இடத்தில் ஒயில் சொட்டின; மாதமொரு முறை கழற்றிப் பூட்டக் கேட்டன. இன்றைய யந்திரம் பல்லாயிரம் கிலோமீற்றர் ஓடியும் முணுமுணுப்பதில்லை. நகரத்துப் பிள்ளைகள் சுவாசிக்கும் காற்றும் அதனாற் சிறிது தப்பியது. நமது மனக்குறை வேறு: யந்திரத்தை அறியும் அறிவு கடைக்காரரின் கையிலிருந்து தொழிற்சாலையின் பெட்டகத்துக்குப் போய்விட்டது. தண்ணீர்ச் சட்டை அதைக் கேட்கவில்லை; வியாபாரமே கேட்டது.

இதை உணர்ந்த அரசாங்கங்களும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013ஆம் ஆண்டின் 168ஆம் இலக்க ஒழுங்குவிதி, பழுது பார்ப்பதற்கான தகவல்களைச் சுதந்திரமாகத் தொழில் செய்யும் மெக்கானிக்குகளுக்கும் கொடுக்கும்படி மோட்டார் சைக்கிள் உற்பத்தியாளரைப் பணிக்கிறது. அமெரிக்காவில் 2022 ஜூனில் மத்திய வர்த்தக ஆணையம் ஹார்லி டேவிட்சன் மீது நடவடிக்கை எடுத்தது. வெளியாரின் உதிரிப்பாகங்களையோ பழுதுபார்ப்பையோ நாடினால் உத்தரவாதம் இழக்கப்படும் என்ற நிபந்தனைகளை நீக்குமாறு பணித்ததுடன், வெளியாரிடம் செல்லும் உரிமையை வாடிக்கையாளருக்கு அறிவிக்கவும் சொன்னது.

நமது வீதிகளில் ஓடும் 100, 125 சி.சி. வண்டிகளிற் பெரும்பாலானவை இன்னமும் காற்றாற் குளிர்பவையே. அவற்றை வைத்திருப்போர் மழைக்காலத்தில் தகடுகளுக்கிடையே காய்ந்து ஒட்டும் சேற்றை ஒரு பழைய பல்தூரிகையாற் சுரண்டி எடுத்துவிட வேண்டும்; சேறு வெப்பத்துக்குப் போர்வை. தண்ணீர் வண்டி வாங்க எண்ணும் இளைஞர்கள், பணம் கட்டுமுன் முகவரிடம் இரண்டு கேள்விகள் கேட்கலாம்: கோளாறு விளக்கு எரிந்தால் அதை வாசிக்கும் கருவி நமது ஊருக்கு அண்மையில் யாரிடம் இருக்கிறது? பழுதுபார்க்கும் கையேடு கிடைக்குமா? வாங்கிய பின், றேடியேற்றரின் மூடியை யந்திரம் சூடாயிருக்கும்போது ஒருபோதும் திறக்கலாகாது. உள்ளிருக்கும் நீர் அழுத்தத்தால் அடங்கி 100 பாகைக்கு மேலும் கொதியாமல் நிற்கும்; மூடியைத் திருகிய கணத்தில் அது முகத்தில் பாயும். வண்டியின் ‘டிக், டிக்’ ஓசை அடங்கி, கை வைத்தாற் பொறுக்கும் வரை காத்திருங்கள்.