நாய்க்கும் ஒரு வேலை கொடுப்போம்!



இந்தத் தடவை என் கருத்து நாயைப் பற்றியது. சிரிக்காமல் கடைசி வரைக்கும் படியுங்கள்.

அருப்புக்கோட்டையில் இருந்து திருச்சுழி போகிற வழியில் எந்த ஊரில் இறங்கினாலும் ஒரு வீட்டு வாசலிலாவது நாய் கட்டிக் கிடக்கும். காலையில் கட்டினால் ராத்திரிதான் அவிழ்ப்பார்கள். சில வீட்டில் அதுவும் கிடையாது. அது மண்ணைத் தோண்டும், சங்கிலியைக் கடிக்கும், போறவங்க வர்றவங்களைப் பார்த்துக் குரைக்கும். "கோட்டி பிடிச்ச நாய்" என்று கல்லை விட்டு எறிகிறோம். அதற்குக் கோட்டி இல்லை, வேலைதான் இல்லை!

நம்ம மாவட்டத்து நாய்கள் லேசுப்பட்டவை அல்ல. ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் இந்திய அரசு தபால்தலையே வெளியிட்டது. சிப்பிப்பாறை, கன்னி நாய்கள் முயலைக் கண்ணால் பார்த்தே விரட்டிப் பிடிப்பவை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு காட்டு விலங்குகளை வேட்டையாடுவது குற்றம். அது நல்ல சட்டம்தான். ஆனால் நாயின் மூக்கும் மூளையும் இன்னும் தேடிக்கொண்டேதான் இருக்கின்றன.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் ஜோ மார்க்கம் என்பவர் வளர்த்த நாய் எப்பப் பார்த்தாலும் கல்லைக் கடித்துப் பல்லைக் கெடுத்துக்கொண்டதாம். வேன் ரிப்பேர் பார்த்தபோது கழற்றிப் போட்ட ரப்பர் பாகம் ஒன்று அதற்குப் பிடித்துப்போனது. அதில் இருந்துதான் 1970-களில் 'காங்' என்ற ரப்பர் பொம்மை பிறந்தது. உள்ளே சாப்பாட்டை அடைத்துக் கொடுத்தால் நாய் உருட்டி, நக்கி, யோசித்து எடுத்துச் சாப்பிடும்.

அது நமக்கு எதுக்கு, காசுக்கு எங்கே போறது என்று கேட்பீர்கள். "மனுசனுக்கே கஷ்டம், இதுல நாய்க்குப் பொம்மையா?" என்று எங்கள் அப்பத்தாவும் கேட்டார்கள். நான் சொல்வது இதுதான்: கூடுதலாக ஒரு பிடி சோறு வேண்டாம். தினமும் வைக்கிற அதே சாப்பாட்டைத் தேடி எடுக்கிற மாதிரி வைத்தால் போதும்.

நம்ம பக்கம் தறி ஓடுகிற ஊர். பழைய பருத்தித் துண்டுக்குப் பஞ்சமே இல்லை. கம்பஞ்சோறு அல்லது கேப்பைக் களியை உப்புப் போடாமல் ஆற வைத்து, அவித்த முட்டை, அவித்த பூசணி அல்லது சர்க்கரைவள்ளிக் கிழங்கு பிசைந்து உருண்டை பிடியுங்கள். துண்டில் இடைவெளி விட்டு வைத்து, பாய் மாதிரி சுருட்டிக் கொடுங்கள். நாய் மூக்கால் தள்ளித் தள்ளிப் பிரிக்கும். இன்னொன்று: அகலமான கிண்ணத்தின் நடுவில் அதன் வாய்க்குள் நுழையாத பெரிய கல்லைக் கழுவி வைத்து, சுற்றிலும் களியை அப்புங்கள். இரண்டு நிமிடத்தில் விழுங்குவதைக் கால் மணி நேரம் நக்கும்.

கவனிக்க வேண்டியவை:

* வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் சேர்க்கக் கூடாது. நாய்க்கு அவை விஷம்.
* சமைத்த கோழி எலும்பு வேண்டாம். சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.
* பூஞ்சை பிடித்த நிலக்கடலையை நாய்க்குத்தானே என்று போடாதீர்கள்.
* வாய் குறுகலான டப்பா வேண்டாம். தலை மாட்டிக்கொள்ளும்.
* துணியைக் கிழித்து விழுங்குகிற நாய்க்குத் துண்டு கொடுக்காதீர்கள்.
* பெரியவங்க பக்கத்தில் இருக்கணும். தின்னும்போது பிடுங்கினால் கடிக்கும்.

இதைச் செய்தால் வெறிநோய்த் தடுப்பூசி வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. ஊசியும் போடணும், தினமும் அவிழ்த்து நடத்தியும் கூட்டிப் போகணும். யாரையாவது கடித்துவிட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

நமக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பீரியடு சும்மா உட்கார வைத்தாலே கை, கால் பரபரக்கிறது. ஆயுசு முழுக்க ஆறடிச் சங்கிலியில் சும்மா கிடப்பது எப்படி இருக்கும்? காவல் காக்கிற ஜீவனுக்குக் கால் மணி நேரச் சந்தோஷம் கொடுக்க நம்மால் முடியும்.

சிந்திப்போம்! இந்தச் சனி, ஞாயிறு லீவிலேயே செய்து பார்ப்போம்!

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி