மணிக்கட்டு வலி: மவுஸை மட்டும் குறை சொல்லாதீங்க

மணிக்கட்டு வலினு இன்டர்நெட்ல தேடிப் பாருங்க. பெரும்பாலான பதில்கள் லேப்டாப் முன்னாடி உட்கார்ந்திருக்கிற ஒருத்தரை மனசுல வெச்சுத்தான் எழுதியிருப்பாங்க. மவுஸை மாத்துங்க, டேபிள் உயரத்தைச் சரிபண்ணுங்க, போனைக் குறைங்க. அது தப்பில்ல, நமக்குத் தேவைதான். ஆனா நாம படிக்கிறது விருதுநகர் மாவட்டத்துல. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் அட்டைக்குழாய் சுற்றுறவங்க, சரம் பின்னுறவங்க, தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்குறவங்க, அச்சகத்துல தாள் மடிக்கிறவங்க எல்லாருக்கும் மணிக்கட்டுதான் மூலதனம். இவங்க வலியைப் பத்தி எந்தப் பதிலும் பேசுறதில்ல. என் கருத்து இதுதான்: அந்த வலி வெறும் டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம் இல்ல, இன்ஜினியர் பார்க்க வேண்டிய விஷயமும்கூட.

முதல்ல வலி எப்படி வருதுன்னு பார்ப்போம். மணிக்கட்டோட உள்பக்கத்துல கார்பல் டனல்னு ஒரு குறுகலான பாதை இருக்கு. மூணு பக்கம் எலும்பு, மேல கெட்டியான ஒரு பட்டை. அந்தச் சந்துக்குள்ள விரலை மடக்குற 9 தசைநாண்களும், கூடவே மீடியன் நரம்பும் போகுது. தசைநாண் உறை வீங்கினா நரம்பு நசுங்கும். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் எல்லாம் மரத்துப்போகும். ராத்திரி தூக்கத்துல எழுந்து கையை உதறுவாங்க. இன்னொண்ணு டி கெர்வைன். இதுல பெருவிரல் பக்கத்துத் தசைநாண் உறை வீங்கும். ஓயாம போன்ல டைப் பண்றவங்களுக்கும் வரும், கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி இறக்குற அம்மாக்களுக்கும் வரும். சர்க்கரை நோய், தைராய்டு, கர்ப்பம், மூட்டுவாதம், பழைய எலும்பு முறிவு இதெல்லாமும் காரணமாகலாம்.

வேலையால வர்ற வலிக்கு அடிப்படையில நாலு காரணம்: ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்றது, மணிக்கட்டை மடக்கியே வெச்சிருக்கிறது, விரல் நுனியால அழுத்திப் பிடிக்கிறது, இடையில ஓய்வு இல்லாதது. இப்போ குழாய் சுற்றுற வேலையை இந்த நாலோட ஒப்பிட்டுப் பாருங்க. நாலுக்கும் டிக் விழும். நாம கேட் வரையிறதுல ரெண்டோ மூணோ விழும்.

உங்களுக்கு வலி இருந்தா செய்ய வேண்டியது கஷ்டம் இல்ல. வலி தர்ற வேலையைக் கொஞ்ச நாள் குறைங்க. மணிக்கட்டு முன்கையோட நேர்க்கோட்டுல இருக்கிற மாதிரி டேபிளையும் நாற்காலியையும் வைங்க. அரை மணிக்கு ஒரு தடவை கையை எடுத்து விரல்களை விரிச்சு மடக்குங்க. வீக்கம் இருந்தா துணியில சுத்தின ஐஸை 10 நிமிஷம் வைங்க. ராத்திரி மரத்துப்போச்சுன்னா, மணிக்கட்டை நேரா நிறுத்துற ஸ்பிளின்ட் போட்டுத் தூங்குறது நல்ல பலன் தரும். ரெண்டு மூணு வாரத்துல குறையலைன்னா, பொருள் கையிலிருந்து நழுவினா, பெருவிரல் அடிச்சதை மெலிஞ்சா, தைலம் தேய்ச்சு நாளைக் கடத்தாம டாக்டரைப் பாருங்க. நரம்பு ரொம்ப நாள் நசுங்கிக் கிடந்தா, ஆபரேஷன் பண்ணினாலும் முழுசாத் தேறாமப் போகலாம். பைக்ல இருந்து கையை ஊன்றி விழுந்து வலிச்சா அன்னைக்கே எக்ஸ்ரே.

இந்த அறிவுரையை எண்ணிக்கைக்குக் கூலி வாங்குற ஒரு அக்காகிட்ட சொல்லிப் பாருங்க. "ஓய்வெடுங்கக்கா"ன்னா "கூலியை விடுங்கக்கா"ன்னு அர்த்தம். நமக்கு ஓய்வு இலவசம், அவங்களுக்கு ஓய்வுக்கு விலை இருக்கு. அதனால வயசாயிடுச்சு, வாதம்னு சொல்லிக்கிட்டே வேலை ஓடும். 2012 செப்டம்பர்ல முதலிப்பட்டி, 2021 பிப்ரவரியில அச்சங்குளம்னு வெடிவிபத்து நடந்தா நாடே திரும்பிப் பார்க்குது, பார்க்கணும். கொஞ்சம் கொஞ்சமாப் போற கைக்குச் செய்தி கிடையாது.

சட்டமும் இதைப் பார்க்கல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-ல திருத்தின தொழில்நோய்ப் பட்டியல்ல கார்பல் டனலும் இருக்கு, பெருவிரல் பக்கத்துத் தசைநாண் வீக்கமும் இருக்கு. 2025 வரை நடைமுறையில இருந்த நம்ம 1948 தொழிற்சாலைகள் சட்டத்தோட மூன்றாவது அட்டவணையில 29 நோய்கள் இருந்துச்சு. அதுல ரெண்டும் இருக்கல. இது பேப்பர்ல மட்டும் இருக்கிற வித்தியாசம் இல்ல. இ.எஸ்.ஐ.-ல சாதாரண நோய்க்கு லீவு எடுத்தா சராசரி சம்பளத்துல 70 சதவீதம், வருஷத்துக்கு அதிகபட்சம் 91 நாள். வேலையால வந்த பாதிப்புன்னு ஏத்துக்கிட்டா 90 சதவீதம், வேலை செய்ய முடியாத நாள் முழுக்க.

பட்டியல்ல சேர்ந்தா என்ன ஆகும்னு கேட்டா, தீக்குச்சியே உதாரணம். ஒரு காலத்துல அதுக்கு வெள்ளை பாஸ்பரஸ் பயன்படுத்தினாங்க. அதோட புகையில தொழிலாளர்களோட தாடை எலும்பு அழுகிச்சு. இது வேலையால வர்ற நோய்னு ஒத்துக்கிட்ட பிறகு 1906-ல பெர்ன் ஒப்பந்தம் வந்தது, 1913-ல இந்தியாவுலயும் தடைச் சட்டம் வந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுல தொழில் கத்துக்கிட்டு வந்து 1920-கள்ல சிவகாசியில தீப்பெட்டி செய்யத் தொடங்கினபோது, வெள்ளை பாஸ்பரஸுக்குச் சட்டப்படி இடமே இல்ல. யாரும் தொழிலாளியைப் பார்த்து "கவனமா இரு"ன்னு சொல்லி அதைத் தீர்க்கல. பொருளை மாத்தினாங்க.

இங்கதான் நாம வர்றோம். வெடிமருந்து இருக்கிற ரூம் பக்கம் நாம போகக் கூடாது. அங்க ஒரு உராய்வே உயிரைக் குடிக்கும், எந்த மாற்றத்துக்கும் பெசோ அனுமதி வேணும். ஆனா குழாய் சுற்றுறது, பெட்டி மடிக்கிறது, லேபிள் ஒட்டுறது, பேக்கிங் இதெல்லாம் மருந்து படாத வேலை. பலகையோட உயரமும் சாய்வும், சுற்றுற கம்பியோட கைப்பிடி தடிமன், தாளைப் பிடிச்சுக்கிற ஒரு சின்ன ஜிக். இதெல்லாம் மூணாவது வருஷம் முடிச்ச எந்த மெக்கானிக்கல் டீமும் செய்யக் கூடியதுதான்.

"மெஷின் வந்தா அவங்க வேலை போயிடுமே"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. நான் சொல்றது ஆளை எடுக்கிற மெஷின் இல்ல, ஆளுக்கு உதவுற கருவி. இன்னொரு பயமும் இருக்கு: ஒரு நாளைக்குக் கூடுதலாச் சுத்தினா ரேட்டைக் குறைச்சிடுவாங்களோ? அதனால ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல எவ்வளவு உற்பத்தி கூடுச்சுன்னு மட்டும் எழுதாதீங்க. மணிக்கட்டு எத்தனை டிகிரி மடங்குது, ஒரு மணிக்கு எத்தனை தடவை மடங்குது, எவ்வளவு விசை தேவைப்படுது, சாயங்காலம் வலி எப்படி இருக்கு, அதை அளந்து எழுதுங்க. இந்த மாதிரி அளவுகள் சேர்ந்தாத்தான் தொழில்நோய்ப் பட்டியல்ல இதையும் சேர்க்கச் சொல்லிக் கேட்க முடியும்.

ப்ராஜெக்ட் தலைப்பு கொடுக்கிற நேரம் வருது. வழக்கம்போல முகத்தைப் பார்த்து அட்டென்டன்ஸ் போடுற சாஃப்ட்வேர் பத்து டீம் செய்யும், செய்யட்டும். ஒரே ஒரு டீம் வேன்ல வேலைக்குப் போறவங்க ஒருத்தர்கிட்ட "எந்த இடத்துல வலிக்குது, எந்த வேலை செய்யும்போது வலிக்குது"ன்னு கேட்டு ஆரம்பிங்க. பதில் சொல்ல ஆள் தேடி அலைய வேண்டியதில்ல. நம்ம கிளாஸ்லயே பாதிப் பேர் வீட்டுல அப்படி ஒருத்தர் இருப்பாங்க.