இல்லத்துச் சேமிப்பகம்: எதை முதலில் மாற்றுவது?

நிக்காஹ் படங்கள், வீட்டுப் பத்திரங்களின் நகல்கள், மறைந்துவிட்ட வாப்பாவின் குரல் பதிவு ஆகிய அனைத்தும் இன்று ஹார்ட் டிஸ்க்கினுள் குடியேறிவிட்டன. பழைய கணினியொன்றை வீட்டின் மூலையில் இரவு பகலாக இயங்கவிட்டு, குடும்பத்தார் அனைவருடைய கோப்புகளையும் அதில் சேர்த்து வைக்கும் இல்லங்களும் உண்டு. இதனைச் சேமிப்பு சர்வர் என்பர். இடம் போதாமல் போகும்போது, எந்த உறுப்பை மாற்றுவது என்னும் கேள்வி எழுகின்றது.

கடைக்குச் செல்வோரின் கை பெரும்பாலும் பிராசஸரை நோக்கியே நீளும். கோப்புகளைச் சேமித்து வைக்க மட்டும் அது தேவையற்ற செலவாகும். வீட்டிலுள்ள கிகாபிட் இணைப்பு விநாடிக்கு 125 மெகாபைட்டுக்கு மேல் கடத்தாது. இக்காலத்துப் பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்றோ அதைவிட விரைவாகவே படித்துத் தரும். குழாய் குறுகியிருக்கையில் தொட்டியைப் பெரிதாக்கினால் நீர் விரைந்து வருமா? வேகம் வேண்டுவோர் 2.5 கிகாபிட் அட்டையும் அதற்கேற்ற ஸ்விட்சும் வாங்குவதே முறை.

மின் கட்டணத்தையும் கணக்கிட வேண்டும். ஒரு வாட் ஆண்டு முழுதும் செலவானால் 8.76 யூனிட் ஆகும். 60 வாட் இழுக்கும் கணினிக்குப் பதிலாக 20 வாட்டில் இயங்குவதை வைத்தால் ஆண்டுக்கு 350 யூனிட் மிச்சமாகும். 2023இல் விற்பனைக்கு வந்த இன்டெல் என்100 போன்ற சிக்கனச் சிப்புகள் இப்பணிக்குத் தாராளமாகப் போதும். ஆயினும் அத்தகைய மதர்போர்டில் எத்தனை ஹார்ட் டிஸ்க்குகளை இணைக்க இயலும் என்பதை எண்ணிப் பார்த்தே வாங்குக.

பணத்தைப் பெரிதும் செலவிட வேண்டிய இடம் ஹார்ட் டிஸ்க்கே. அதில் இரு வகை உண்டு. தடங்களைத் தனித்தனியே எழுதுவது சி.எம்.ஆர்.; கூரை ஓடுகளைப் போல் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எழுதுவது எஸ்.எம்.ஆர். பின்னதில் ஓரிடத்தைத் திருத்த அண்டைத் தடங்களையும் மீண்டும் எழுத வேண்டியிருப்பதால், தொடர்ந்து எழுதுகையில் வேகம் வெகுவாகக் குறையும். சேமிப்பு சர்வர்களுக்கென விற்கப்பட்ட வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையிலேயே எஸ்.எம்.ஆர். வகை கலந்திருந்தது 2020இல் வெளிப்பட்டது. அதன்பின் அந்நிறுவனம் சி.எம்.ஆர். வகையை ரெட் பிளஸ் என்னும் பெயரில் பிரித்துக் காட்டியது. ஆகவே விலையை மட்டும் பாராது, வகையைக் கேட்டு வாங்குக.

இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் ஒரே தகவலை ஒருங்கே எழுதும் முறை ரெய்டு என்னும் ஏற்பாட்டைச் சார்ந்தது. அப்பெயரை 1988இல் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய பெர்க்லி பல்கலைக்கழக அறிஞர் மூவர் தம் ஆய்வுரையில் வழங்கினர். ஒன்று பழுதானால் மற்றொன்று கைகொடுக்கும் என்பது உண்மையே. ஆனால் குழந்தை தவறுதலாக அழித்த படம் இரண்டிலும் ஒருசேர அழியும். திருட்டும் தீயும் பெட்டி முழுவதையும் கொண்டுபோகும். எனவே ரெய்டு காப்பு நகலுக்கு ஈடாகாது.

இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்க மட்டுமே பணமுள்ளதா? இரண்டையும் ஒரே பெட்டிக்குள் பூட்டாதீர்கள். ஒன்றைச் சர்வரில் பொருத்துங்கள். மற்றொன்றில் மாதந்தோறும் நகலெடுத்து, கழற்றி, உடன்பிறந்தார் இல்லத்தில் ஒப்படையுங்கள். அந்நகலிலிருந்து நான்கு படங்களையேனும் திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள். மீதமுள்ள தொகையில் சிறிய யு.பி.எஸ். ஒன்று வாங்குங்கள், எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் தடைப்பட்டால் கோப்புகள் சிதையக்கூடும்.

இறுதியாக ஒன்று. சர்வரை அமைத்தவர் பிழைப்புக்காகக் கடல் கடந்திருக்கலாம்; திடீரென நோயுறவும் கூடும். கடவுச்சொல் அவர் ஒருவருக்கே தெரியுமெனில், எத்தனை உயர்ந்த கருவி வாங்கினாலும் குடும்பத்தாருக்கு அது பூட்டிய பெட்டிதான். மனைவிக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் அதைத் திறக்கக் கற்றுக்கொடுங்கள். அந்த நினைவுகள் நம்மிடம் உள்ள அமானிதம். உரியோரிடம் அவற்றை ஒப்படைக்கும் வழியையும் நாமே செய்து வைக்க வேண்டும்.