சில்லுப் போட்டியில் மொன்றியலின் பங்கு

கணினிச் சில்லுகள் இன்று எண்ணெயைப் போல அரசியல் பொருளாகிவிட்டன. உயர்தரச் சில்லுகள் சீனாவுக்குப் போவதை அமெரிக்கா கட்டுப்படுத்துகிறது. கனடாவும் தன் பங்கைத் தேடுகிறது. மொன்றியலுக்குக் கிழக்கே புரோமொன் நகரிலுள்ள ஐ.பி.எம். ஆலையை விரிவாக்க, ஏறத்தாழ 187 மில்லியன் டொலர் பெறுமதியான உடன்பாடுகள் 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டன. ஒட்டாவாவும் கியூபெக் அரசும் அதில் பங்காளிகள். ஆனால் அங்கு நடப்பது, வேறிடத்தில் செய்த சில்லுகளைப் பொதியாக்கிச் சோதிக்கும் வேலை.

சிலிக்கனுக்கு அடுத்து என்ன என்ற கேள்விக்கு மொன்றியலில் இன்னொரு முகவரி உண்டு. 1998இல் காபன் நானோ குழாயில் திரான்சிஸ்டர் செய்துகாட்டிய ஐ.பி.எம். குழுவில் இருந்த ரிச்சார்ட் மார்த்தெல், பின்னர் மொன்றியல் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

தலைமுடியைவிடப் பல பத்தாயிரம் மடங்கு மெல்லிய இக்குழாயில் சிக்கல் எங்கே? மாசூட்டலில். சில்லுக்கு இருவகைத் திரான்சிஸ்டர்கள் வேண்டும்: ஒன்றில் இலத்திரன்கள் ஓடும், மற்றதில் இலத்திரன் இல்லாத 'துளைகள்' ஓடும். சிலிக்கனுக்குள் பொசுபரசு அல்லது போரன் அணுக்களைப் புகுத்தினால் வகை நிலைத்துவிடும். குழாயின் சுவரில் அப்படிப் புகுத்தினால் அதன் கட்டமைப்புக் குலையும். ஆகவே வெளியே வேறு பொருள்களை ஒட்டி, இலத்திரனைக் கொடுக்கவோ எடுக்கவோ வைக்கிறார்கள். இலத்திரன் கொடுக்கும் பொற்றாசியம் காற்றுப் பட்டதும் கெட்டுவிடும். காற்றில் வைத்த குழாயோ தானாகவே துளை வகைக்குச் சாயும்.

ஏன் என்பதற்கு மார்த்தெல் குழுவும் மொன்றியல் பொலிரெக்னிக் ஆய்வாளர்களும் 2009இல் விடை தந்தனர். மேற்பரப்பில் படிந்த நீரும் அதில் கரைந்த ஒட்சிசனும் சேர்ந்து இலத்திரன்களைப் பறிக்கின்றன. 2019இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. 14,000க்கு மேற்பட்ட நானோ குழாய்த் திரான்சிஸ்டர்கள் கொண்ட சில்லொன்றைச் செய்தது. அதிலும் இலத்திரன் வகைக்குக் கைகொடுத்தது குழாயின் மேல் படியவைத்த ஒட்சைட்டுப் படலமே. இன்றைய கைத்தொலைபேசிச் சில்லில் ஆயிரம் கோடிக்கும் மேல் இருப்பதால், தூரம் இன்னும் அதிகம்.

ஆலைக்குப் போகும் பணம் இன்று வேலை தரும், அது தேவை. ஆனால் முதல் திரான்சிஸ்டருக்கும் அந்த விடைக்கும் இடையே 11 ஆண்டுகள் சென்றன. அடுத்த தேர்தலைத் தாண்டிப் பார்க்காத அரசு இத்தகைய ஆய்வைத் தாங்காது. வாக்குக் கேட்டு வருவோரிடம் ஆலையைப் பற்றி மட்டுமல்ல, ஆய்வுகூடத்தைப் பற்றியும் நாம் கேட்கவேண்டும்.

எமது வீடுகளுக்கும் இதில் செய்தி உண்டு. போரால் படிப்பை இழந்து, இங்கே தொழிற்சாலைகளிலும் உணவகங்களிலும் உழைத்த பெற்றோர், பிள்ளைக்கு உறுதியான தொழிலைத் தேடுவது இயல்பே. கணினி என்றால் மென்பொருள் என்றே பலர் நினைக்கிறோம். இரசாயனவியல் படிக்க விரும்பும் பிள்ளையிடம் "அதிலை என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்குமுன், நாளைய கணினியின் முடிச்சு ஒரு நீர்ப்படலத்தில் இருந்ததை நினைத்துக்கொள்வோம்.